வீட்டில் ஒரு ரெண்டு வயசு: டீச்சரம்மா பதில்கள்

மன்னார்குடி பக்கத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்ளும் டீச்சரம்மா, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

என் மகனுக்கு ஒரு வயது பத்து மாதம். சாப்பிடவே மாட்டேன் என்கிறான். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நானும் மாமியாரும் மாறி மாறி அவன் பின்னால் ஓடுகிறோம். செல்போனில் பாட்டுப் போட்டால் மட்டும் வாயைத் திறக்கிறான். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. "புள்ளை எளைச்சுட்டானே" என்று பார்ப்பவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். என்ன செய்வது?
வாசகி, திருச்சி

முதலில் எடையைப் பாருங்கள். பார்ப்பவர்கள் கண்ணுக்கு எல்லாப் பிள்ளையும் இளைத்த மாதிரிதான் தெரியும். பக்கத்து அங்கன்வாடியில் மாதா மாதம் எடை போடுவார்கள். தாய் சேய் நல அட்டையில் இருக்கும் வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்துத் தரச் சொல்லுங்கள். புள்ளிகள் பச்சைப் பகுதிக்குள் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தால் கவலை இல்லை. கோடு ஏறாமல் படுத்துவிட்டாலோ, கீழே இறங்கினாலோ குழந்தை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அப்புறம் ஒரு கணக்கு. 3 கிலோவில் பிறந்த பிள்ளை முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய 9 கிலோ இருக்கும். ஒரு வருடத்தில் 6 கிலோ. அடுத்த வருடம் முழுவதும் சேர்த்தே 2, 2½ கிலோதான் ஏறும். வளரும் வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. பத்து மாதத்தில் கிண்ணம் காலி செய்த பிள்ளை இப்போது நாலு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது இதனால்தான். அவன் வயிறு போதும் என்று சொல்கிறது, அவனும் அதைக் கேட்கிறான்.

பால் எவ்வளவு குடிக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. "சாப்பிட மாட்டேங்குறான் டீச்சர்" என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான். காலையில் எழுந்ததும் ஒரு பாட்டில், பதினோரு மணிக்கு ஒன்று, மத்தியானம் சோறு இறங்கவில்லையே என்று ஒன்று, தூங்கும்போது ஒன்று, ராத்திரி முழித்தால் ஒன்று. இப்படி ஒரு லிட்டர் உள்ளே போனால் சோற்றுக்கு ஏது இடம்? இந்த வயதில் மாட்டுப்பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலிலேயே வளரும் பிள்ளைக்கு ரத்தசோகை வரும், ரத்தசோகை வந்தால் இருக்கிற பசியும் போய்விடும். பாட்டிலை நிறுத்திவிட்டு டம்ளரில் கொடுங்கள், தானாகவே அளவு குறையும். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் நிறுத்த வேண்டாம், இரண்டு வயதுக்கு மேலும் கொடுக்கலாம்.

வீட்டில் ஒரு பருக்கை தொடாத பிள்ளைகள் அங்கன்வாடியில் சாப்பிடுவதைப் பார்த்தால் அம்மாக்களுக்கு நம்பவே முடியாது. அப்படி ஒருவன் வந்தான். அவன் அம்மா போக மனசில்லாமல் ஜன்னலுக்கு வெளியே நின்றார். பிள்ளைகளை வரிசையாகப் பாயில் உட்கார வைத்து, ஆயாம்மா தட்டு வைத்து, சாம்பார் சாதம் போட்டு, நாலு துண்டு உருளைக்கிழங்கும் வைத்தார். யாரும் அவனுக்கு ஊட்டவில்லை, சாப்பிடு என்று சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் பக்கத்துப் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்தப் பிள்ளையின் தட்டில் இருந்த உருளைக்கிழங்கை எடுத்து வாயில் போட்டான். அடுத்ததாகத் தன் தட்டில் ஒரே ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தான். அதற்கப்புறம் கை நிறைய அள்ளினான். பாதி சட்டையில், பாதி வாயில். ஜன்னலில் நின்ற அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டிலும் அதையே செய்யுங்கள். நீங்கள் சாப்பிடும்போது அவனையும் தரையில் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவனுக்கென்று ஒரு சின்னத் தட்டு. நெய் விட்டுப் பருப்புச் சாதம் ரெண்டு ஸ்பூன், மசித்த முருங்கைக்கீரை கொஞ்சம், வெந்த முட்டையில் கால் பங்கு. போதும். கேட்டால் இன்னொரு கரண்டி போடலாம். கையை விட்டுப் பிசையட்டும், சிந்தட்டும், கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவிடுங்கள். இருபது நிமிஷம் முடிந்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். "ஐயோ பாவம்" என்று அரை மணி நேரத்தில் பிஸ்கட் கொடுக்கக் கூடாது. அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும்.

செல்போன் சாப்பாட்டு இடத்துக்கு வரவே கூடாது. பாட்டுப் பார்த்துக்கொண்டே விழுங்கும் பிள்ளைக்குப் பசித்ததும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. நிறுத்தினால் முதல் சில நாள் ரகளை இருக்கும். மாமியாரும் நீங்களும் ஒரே பேச்சில் இருந்தால்தான் இது நடக்கும். அதனால் ஆரம்பிக்கும் முன்பே அவரிடம், "அத்தை, எடை சரியா இருக்கு, ஒரு பத்து நாள் இப்படிச் செஞ்சு பார்ப்போம்" என்று அட்டையைக் காட்டிப் பேசுங்கள். பேரன் மெலிந்துவிடுவானோ என்ற பயத்தில்தான் அவர் ஓடுகிறார், அந்த பயத்தை முதலில் தீர்த்துவிடுங்கள்.

குடற்புழு மாத்திரையும் கேட்டு வாங்கிக் கொடுங்கள். ஒரு வயது முடிந்த பிள்ளைகளுக்கு அரசாங்கமே ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கிறது. இரண்டு வயது வரை அரை மாத்திரை, பொடித்துத் தண்ணீரில் கலந்து. இரும்புச்சத்து சிரப் பற்றிக் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

மகளுக்கு ஒன்றரை வயது. ராத்திரி பதினொன்றரைக்கு முன்னால் தூங்குவதே இல்லை.
வாசகி, கடலூர்

மத்தியானம் எத்தனை மணிக்கு எழுப்புகிறீர்கள்? ஐந்து மணி வரை தூங்கவிட்டால் ராத்திரி பதினொன்று ஆகத்தான் செய்யும். இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. காலையில் ஆறரைக்கு எழுப்பிவிடுங்கள். மத்தியானத் தூக்கம் மூன்று மணிக்குள் முடியட்டும். எட்டு மணிக்கு டிவியை அணைத்து, கூடத்து டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிள்ளை மட்டும் தூங்க வேண்டும் என்றால் நடக்காது.

எங்கள் மகளுக்கு இரண்டு வயது. கடையில் கேட்டதை வாங்கித் தராவிட்டால் தரையில் படுத்து உருளுகிறாள். என் மனைவி கோபத்தில் ரெண்டு அடி வைத்துவிடுகிறார். என் அம்மா உடனே கேட்டதை வாங்கிக் கொடுத்துவிடுகிறார். வீட்டுக்கு வந்தால் பெரியவர்களுக்குள் சண்டை. பிள்ளையை எப்படித் திருத்துவது?
வாசகர், மதுரை

தம்பி, திருத்துகிற அளவுக்கு உங்கள் பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை. இந்த வயதில் ஆசை பெரிசாக இருக்கும், அதைச் சொல்லப் பேச்சு போதாது, அடக்கிக்கொள்ளவும் தெரியாது. ஆசையை அடக்க உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும். இரண்டு வயதில் அது இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

அவள் உருளும்போது பக்கத்தில் உட்காருங்கள். தலை எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். "மிட்டாய் வேணும், அப்பா வாங்கித் தரலை, அழுகை வருது" என்று ஒரு தரம் சொல்லுங்கள். அதற்கு மேல் அந்த நேரத்தில் எதுவும் பேச வேண்டாம், அவள் காதில் ஏறாது. அழுகை உச்சத்துக்குப் போய்த் தானே இறங்கும். இறங்கியதும் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் பார்க்கட்டும். நாலு பேர் முன்னால் நமக்கு வருகிற வெட்கத்துக்குத்தான் பாதிப் பிள்ளைகள் அடி வாங்குகிறார்கள்.

அடி வேண்டாம் என்று மனைவியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வீட்டில் அடி வாங்கும் பிள்ளை பாயில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அடிக்கும். பணியில் இருந்த காலம் முழுவதும் நான் இதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவரைக் குறை சொல்லிப் பேசாதீர்கள். நாள் முழுவதும் பிள்ளையோடு இருப்பவருக்குத்தான் பொறுமை முதலில் தீரும். அடுத்த முறை கடையில் பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், அவர் சாமான் வாங்கட்டும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். உருண்டதும் மிட்டாய் கைக்கு வந்தால், உருண்டால்தான் வரும் என்று பிள்ளை படித்துக்கொள்ளும். பத்துத் தடவையில் ஒரு தடவை கிடைத்தால்கூடப் போதும், விடாமல் முயற்சி செய்யும். அதற்காகப் பேத்திக்குக் கொடுக்கும் சந்தோஷத்தைப் பாட்டியிடமிருந்து பிடுங்க வேண்டாம். கொடுக்க நினைப்பதை அழுகை வருவதற்கு முன்னாலேயே, வீட்டிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் வயிறு நிறைந்து கிளம்பும் பிள்ளை கடையில் உருளுவது குறைவு. பசி நேரத்திலும் தூக்க நேரத்திலும் கடைக்குக் கூட்டிப்போகாமல் இருந்தாலே பாதி ரகளை குறைந்துவிடும்.

இன்றைக்கு ராத்திரி பிள்ளை தூங்கியதும் மூன்று பேரும் உட்கார்ந்து, எதெதற்கு எப்போதும் கிடையாது என்று முடிவு செய்யுங்கள். அடுப்பு, ரோடு, அடுத்தவரை அடிப்பது, கடையில் மிட்டாய் என்று நாலைந்து போதும். அதில் மூன்று பேரும் மாற மாட்டோம் என்று இருங்கள். மற்றதில் எல்லாம் விட்டுக்கொடுக்கலாம். சிவப்புச் சட்டையா நீலச் சட்டையா என்று அவளையே கேளுங்கள். நாள் முழுக்க இப்படிச் சின்னச் சின்ன விஷயத்தில் தன் பேச்சு எடுபட்டால் அவளுக்கும் ஆங்காரம் குறையும். அம்மாவிடம் இதையெல்லாம் நீங்கள் பேச வேண்டும். மனைவியைப் பேச வைக்காதீர்கள்.

மகனுக்கு இரண்டேகால் வயது. அம்மா, தாத்தா, இன்னும் ஒன்றிரண்டு சொற்கள்தான் பேசுகிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பல நேரம் திரும்புவதில்லை. எதுவும் வேண்டுமென்றால் விரல் நீட்டிக் காட்டாமல் என் கையைப் பிடித்து இழுத்துப் போகிறான். "ஆம்பளப் புள்ளை லேட்டாத்தான் பேசும், அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?
பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

காத்திருக்க வேண்டாம் அம்மா. இந்த வாரமே போங்கள்.

ஆண் பிள்ளைகள் கொஞ்சம் பிந்திப் பேசுவது உண்டுதான், மாமியார் சொல்வதில் அந்த அளவு உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச வேண்டும். பேச்சை விட, நீங்கள் எழுதிய மற்ற இரண்டும்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூப்பிட்டால் திரும்பாததும், விரல் நீட்டிக் காட்டாததும். காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். பழகுவதிலும் பேச்சிலும் மூளை வளர்ச்சி வேறு விதமாக இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். எது என்று பரிசோதித்துப் பார்த்தால்தான் தெரியும். சீக்கிரம் பயிற்சி தொடங்கும் பிள்ளைகளுக்குப் பலன் அதிகம் என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ, பிறந்தது முதல் பிள்ளைகளுக்கு வரும் குறைகளைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தர ஒரு தனி மையம் இருக்கும். 2013-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் வந்தவை இவை. டிஇஐசி என்று கேட்டால் வழி காட்டுவார்கள். குழந்தை டாக்டர், காது பரிசோதிப்பவர், பேச்சுப் பயிற்சி தருபவர் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்க முடியும். கட்டணம் கிடையாது. தாய் சேய் நல அட்டையையும், பிரசவ நேரத்து டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துப் போங்கள். அவன் வீட்டில் விளையாடுவதை, நீங்கள் கூப்பிடும்போது இருப்பதை ரெண்டு மூன்று வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் பிள்ளை எப்படி இருப்பான் என்று சொல்ல முடியாது, டாக்டருக்கு அது உதவும்.

வீட்டில் போன், டிவி இரண்டையும் அவனுக்காக நிறுத்திவிட்டு, செய்கிற வேலையை எல்லாம் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். "வெங்காயம் உரிக்கிறோம். தோல் பார். குப்பையில போடு." சின்னச் சின்ன வாக்கியமாக. சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துங்கள், அவன் பதிலுக்கு ஏதாவது சத்தம் போட இடம் வேண்டும்.

இதற்கு நீங்கள் வேலைக்குப் போனதோ, கர்ப்ப காலத்தில் சரியாகச் சாப்பிடாததோ காரணம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். மாமியாரையும் மருத்துவமனைக்குக் கூட அழைத்துப் போங்கள். டாக்டர் சொல்வதை அவரும் நேரில் கேட்கட்டும். போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.

ஒன்றரை வயது வால். திறக்காத அலமாரி இல்லை, இழுக்காத சாமான் இல்லை. நானும் மனைவியும் மட்டும்தான் வீட்டில். எதையெல்லாம் ஒதுக்கி வைக்க வேண்டும்?
வாசகர், கோயம்புத்தூர்

நல்ல கேள்வி. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வேலை செய்யுங்கள். தரையில் உட்கார்ந்து, பிள்ளை உயரத்தில் இருந்து ஒவ்வொரு அறையாகப் பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாதது எல்லாம் தெரியும். மேசை விளிம்பில் தொங்கும் இஸ்திரிப் பெட்டியின் ஒயர், கட்டிலுக்கடியில் உருண்டு கிடக்கும் பத்து ரூபாய் நாணயம், கொசு மருந்து மெஷின் செருகியிருக்கும் பிளக்.

நான் முதலில் சொல்வது பாத்ரூம் பக்கெட். இந்த வயதில் தலை கனம், உடம்பு இலேசு. அரை பக்கெட் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தால் எழ முடியாது. சத்தமும் கேட்காது. ராத்திரி தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கம் இருந்தால் மூடி போட்டு, பாத்ரூம் கதவைத் தாழ் போடுங்கள். தாழ்ப்பாள் அவனுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து பாட்டில்கள். பினாயில், ஆசிட், மண்ணெண்ணெய், தின்னர் எதையும் கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. பிள்ளைக்கு அது ஜூஸ். ஒருவேளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், எதுவும் கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்கும்போது மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போகும், ஆசிட் தொண்டையை இன்னொரு தடவை சுடும். 108-ஐக் கூப்பிடுங்கள், குடித்த பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள்.

ரிமோட்டிலும் விளக்கு எரியும் பொம்மையிலும் இருக்கும் வட்ட பேட்டரி மிக ஆபத்து. விழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். அந்த மூடியை டேப் போட்டு ஒட்டுங்கள். விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், மலத்தில் வரும் என்று காத்திருக்காதீர்கள். வேர்க்கடலை, பொரித்த கடலை, முழு திராட்சை கொடுக்க வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கிக் கொடுங்கள், கடலையை அரைத்துக் கொடுங்கள்.

ஊரிலிருந்து பெரியவர்கள் வரும்போது அவர்கள் பை தரையில்தான் இருக்கும். அதில் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை இருக்கும். வந்ததும் வாங்கி அலமாரிக்கு மேலே வைத்துவிடுங்கள். சுடுசோறு, சாம்பார், ரசம் எதையும் தரையில் இறக்கி வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும் பூட்டிவிடவும் வேண்டாம். அடுக்களையில் கீழ்த்தட்டு ஒன்றை அவனுக்கே விட்டுவிடுங்கள். இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒரு தட்டு, மரக்கரண்டி, இட்லித் தட்டு. என் பேரன் ஒரு டம்ளரில் இருந்து இன்னொரு டம்ளருக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தால் அரை மணி நேரம் அசைய மாட்டான். ஒரு சொட்டு வெளியே விழுந்தால் குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்ப்பான், மறுபடி ஊற்றுவான். பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். இழுப்பதும் திறப்பதும்தான் இந்த வயதில் அவன் படிக்கிற படிப்பு.

இரண்டு வயது முடிந்தும் ஒன்றுக்கு வந்தால் சொல்ல மாட்டேன் என்கிறாள். ஜூனில் பிளே ஸ்கூலில் சேர்க்க வேண்டும், அவர்கள் பழக்கிவிட்டு வரச் சொல்கிறார்கள்.
வாசகி, ஈரோடு

ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் இது வரும். பள்ளிக்கூடத் தேதியைப் பார்த்து வராது. இரண்டு மணி நேரம் ஜட்டி நனையாமல் இருக்கிறாளா, நனைந்தால் சொல்லுகிறாளா என்று கவனியுங்கள். அந்த இரண்டும் வந்துவிட்டால் பகலில் டயப்பரை விட்டுவிட்டுப் பருத்தி ஜட்டி போடுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும் உட்கார வையுங்கள். நம் பாட்டிமார் இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து அதன் மேல் உட்கார வைத்து "ஸ்ஸ்ஸ்" என்று சொல்வார்களே, அது நல்ல முறை. பிள்ளை நம்மைப் பிடித்துக்கொள்ளலாம், விழுந்துவிடும் பயம் இருக்காது. நனைத்துவிட்டால் திட்டாமல் துணியை மாற்றுங்கள். திட்டினால் அடக்கப் பழகும், மலம் இறுகி வலி வரும், பிறகு உட்காரவே பயப்படும். ராத்திரி நனைப்பது இன்னும் சில வருடம் இருக்கலாம். அந்தப் பள்ளியில் மறுபடி பேசிப் பாருங்கள், இரண்டு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்பவர்கள் இதற்கும் ஆள் வைத்திருக்க வேண்டும்.

எனக்கு 64 வயது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள். காலை எட்டிலிருந்து இரவு ஏழு வரை இரண்டு வயதுப் பேரன் என்னிடம். உயிரையே வைத்திருக்கிறேன், ஆனால் முட்டி வலி தாங்கவில்லை. சொன்னால் மகள் வருத்தப்படுவாளோ என்று சொல்லாமல் இருக்கிறேன்.
வாசகி, சென்னை

அக்கா, சொல்லுங்கள். நீங்கள் முடியாமல் படுத்த பிறகு மகளுக்குத் தெரிவதை விட இப்போது தெரிவது அவளுக்கு நல்லது. வேலை முடிந்து வந்ததும் வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள், பிள்ளை தூங்கிய பிறகு உட்கார வைத்துச் சொல்லுங்கள். "முடியலை" என்று மட்டும் சொன்னால் அவள் வேலையை விட வேண்டுமோ என்று பயந்துபோவாள். எது முடியவில்லை என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். மாடிப்படி முடியவில்லையா, குளிப்பாட்டக் குனிய முடியவில்லையா, மத்தியானம் ஒரு மணி நேரம் சாய முடியவில்லையே என்பதா? குளிப்பாட்டுவதை மருமகன் காலையில் செய்துவிட்டுப் போகலாம். மத்தியானச் சமையலை மகள் முதல் நாள் இரவே பாதி முடித்து வைக்கலாம்.

பேரனுக்கு இரண்டு வயது ஆகிவிட்டதால் பக்கத்து அங்கன்வாடியில் சேர்க்கலாம். காலையில் சில மணி நேரம் ஆடிப்பாடி, மத்தியானச் சாப்பாடும் முடித்து வருவான். வசதியானவர்கள் ஏன் அங்கே என்று யோசிக்க வேண்டாம், அங்கன்வாடி எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதுதான். முதலில் நீங்கள் ஒரு நாள் போய் இடம், தண்ணீர், கழிப்பறை எல்லாம் பார்த்துவிட்டு வாருங்கள். திருப்தி இல்லாவிட்டால் அரை நாள் துணைக்கு ஒரு ஆள் வைக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உங்களுடையது. கோயிலுக்குப் போங்கள், தங்கை வீட்டுக்குப் போங்கள், சும்மா படுத்துத் தூங்குங்கள்.

முட்டிக்கு எலும்பு டாக்டரைப் பாருங்கள், தைலத்தோடு நிறுத்த வேண்டாம். இனி பேரனை நின்றபடி குனிந்து தூக்காதீர்கள். "தூக்கு" என்று கையை நீட்டினால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மடிக்கு ஏறி வரச் சொல்லுங்கள். ரெண்டு வயசுப் பிள்ளைக்கு ஏறத் தெரியும்.